வில்லங்கம் ஏதுமின்றி

சென்னை விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஊருக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகும்? இருப்பது மூன்று வார விடுப்பு. அதில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு நாள், அம்மாவை மருத்துவரிடம் காட்ட ஒரு நாள். நமக்கு நேரமில்லை. அதனால் சாலை நன்றாக இருந்தால் மகிழ்ந்துபோகிறோம். திரும்பி வந்ததும், "ஊர் ரொம்ப மாறிடுச்சு, ரோடெல்லாம் நம்ம நாட்டு ரோடு மாதிரியே போட்டுட்டான்" என்கிறோம். அந்த வாக்கியத்தில் 'நம்ம நாடு' என்று நாம் சொல்வது எந்த நாட்டை என்று கவனித்திருக்கிறீர்களா?

இந்த மகிழ்ச்சியை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். என்னையும் சேர்த்தே.

2018இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் வந்தபோது நான் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் பெரும்பாலும் வரவேற்புதான். பாரத்மாலா திட்டத்தின் கீழ் 277.3 கிலோமீட்டர், ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்கள். பயண நேரம் பாதியாகக் குறையும் என்றார்கள். நாங்கள் இங்கே கட்டைவிரல் உயர்த்திக்கொண்டிருந்த அதே மாதங்களில் ஆச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர், பூலாவரி, இராமலிங்கபுரம் போன்ற சேலத்துப் பக்கத்து ஊர்களில் நில அளவையாளர்கள் போலீஸ் காவலோடு வயலுக்குள் இறங்கினார்கள். முட்டுக்கல் நட்டார்கள். பெண்கள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார்கள். நட்ட கல்லைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. எதிர்த்துப் பேசியவர்கள் பலர் கைதானார்கள். அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சேலம் மாவட்டத்துக்காரர். நெடுஞ்சாலைத் துறையும் அவர் கையில்தான் இருந்தது. முறையிடுவதற்கு அவருக்கு மேலே அந்த மக்களுக்கு நீதிமன்றம் மட்டுமே இருந்தது.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியைத் திருப்பிப்போட்டது. அதற்குப் பிறகும் ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தச் சாலை வரவில்லை. வராத சாலையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். வராத சாலைதான் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டுகிறது. வந்துவிட்ட சாலையின் மேல் நாம் பயணம் செய்கிறோம், அடியில் இருந்தது என்ன என்று பார்ப்பதில்லை. வராத சாலையில் கல் நட்ட வயல் இன்னும் வயலாக இருக்கிறது. அங்கே நின்று, இந்த ஊரை யார், எப்போது, என்ன கேட்டார்கள் என்று விசாரிக்க முடிகிறது.

அந்த விசாரணையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சட்டத்தில் கல் முதலில் வருகிறது, கேள்வி பிறகு வருகிறது. மற்ற அநியாயங்கள் எல்லாம் இந்த வரிசையிலிருந்துதான் பிறக்கின்றன.

*

மொழியில் அக்கறை உள்ளவர்கள் படிக்கும் இதழ் என்பதால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தத் திட்டத்தின் அரசுப் பெயர் பசுமைவழிச் சாலை. மூலச் சொல் பொறியாளர்களின் கலைச்சொல்லான 'கிரீன்ஃபீல்டு'. ஏற்கெனவே சாலையோ கட்டடமோ இல்லாத நிலத்தில் புதிதாகத் தொடங்குவது என்பது மட்டுமே அதன் பொருள். இருக்கிற சாலையை அகலப்படுத்தாமல், சாலையே இல்லாத வயல்களின் ஊடாகப் புதிதாக ஒன்றைப் போடப்போகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லும் சொல் அது. தமிழுக்கு வந்தபோது அந்த வாக்குமூலம் காணாமல் போய் 'பசுமை' மட்டும் மிஞ்சியது. பசுமையின் மேல் போடப்படும் சாலை, பசுமையான சாலை ஆகிவிட்டது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பிலேயே ஒரு ஏமாற்று நடந்துமுடிந்தது. சாலையோரம் மரம் நடுவோம் என்ற வாக்குறுதியைப் பிறகு அதன் மேல் பூசிக்கொண்டார்கள்.

சென்னையில் ஏற்கெனவே ஒரு பசுமைவழிச் சாலை இருக்கிறது. அடையாற்றுக்குப் பக்கத்தில், அமைச்சர்களின் அரசு வீடுகள் இருக்கும் சாலை. அங்கே யாரும் முட்டுக்கல் நடுவதில்லை.

இன்னொரு சொல் 'பாதிக்கப்பட்டோர்'. புயலால் பாதிக்கப்பட்டோர், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர், திட்டத்தால் பாதிக்கப்பட்டோர். புயலுக்கு யாரும் பொறுப்பில்லை. ஒரு சாலையின் கோட்டை இந்தப் பக்கம் வரைவதா அந்தப் பக்கம் வரைவதா என்று முடிவு செய்தது மனிதர்கள். மேசையும் வரைபடமும் சம்பளமும் உள்ளவர்கள். 'பாதிக்கப்பட்டோர்' என்ற செயப்பாட்டு வினை அந்த மேசையை மறைத்துவிடுகிறது.

*

277 கிலோமீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். பெருக்கிப் பாருங்கள்: 1,900 ஹெக்டேருக்கு மேல். ஏக்கரில் 4,700ஐத் தாண்டும். 'ஒரு சாலைக்கு இவ்வளவு நிலம் வேண்டாமா?' என்பார்கள். பரப்பளவு மட்டுமே பிரச்சினை என்றால் இதை ஒரு கணக்காகப் பேசி முடித்துவிடலாம். ஆனால் ஒரு கிராமம் பரப்பளவால் ஆனது அல்ல. போக்குவரத்தால் ஆனது. தண்ணீரின் போக்குவரத்து, மாடுகளின் போக்குவரத்து, பிணத்தின் போக்குவரத்து.

திருவண்ணாமலை, செய்யாறு பக்கத்து ஊர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேட்டில் பெய்யும் மழை வரத்துக் கால்வாய் வழியாக ஏரிக்கு வருகிறது. ஏரியின் மதகு திறந்தால் வாய்க்கால்கள் வழியாக நஞ்சைக்குப் பாய்கிறது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது. இந்த அமைப்புக்கு இருக்கும் ஒரே எந்திரம் நிலத்தின் சரிவுதான். கண்ணுக்கே தெரியாத சரிவு. அதன் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு போட்டு எட்டுவழி வருகிறது. எல்லா இடத்திலும் குழாய்ப் பாலம் வைப்போம் என்கிறது திட்ட அறிக்கை. தண்ணீருக்குத் திட்ட அறிக்கை படிக்கத் தெரியாது. அது ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் வராது. மேட்டுக்கான மண் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஏரிகளிலிருந்தும் குன்றுகளிலிருந்தும்தான். ஊரின் ஏரியைத் தோண்டி எடுத்த மண்ணாலேயே ஊரின் ஏரிக்கு வரும் தண்ணீரை மறிப்பதும் இதில் நடக்கும்.

சேலம், தருமபுரிப் பக்கம் ஏரியைவிடக் கிணறு முக்கியம். பாக்கு, தென்னை, மஞ்சள், மரவள்ளி எல்லாம் கிணற்றை நம்பியவை. இரண்டு ஏக்கர் நிலத்தில் ஒரு கிணறு. சாலை கோணலாகக் குறுக்கே போகிறது. கிணறு சாலைக்குள் போய்விடுகிறது, இந்தப் பக்கம் முக்கோணமாக ஒரு துண்டு, அந்தப் பக்கம் முக்கோணமாக இன்னொரு துண்டு. எடுத்த நிலத்துக்கு இழப்பீடு உண்டு. கிணற்றுக்கும் ஒரு விலை போடுவார்கள். எடுக்காத நிலம்? அது அவருக்கே சொந்தம். ஆனால் தண்ணீர் போய்விட்ட அந்தத் துண்டுகள் இனி மானாவாரி. டிராக்டர் திரும்ப இடமில்லாத முக்கோணத்தில் மானாவாரியும் ஓடாது. காகிதத்தில் அவர் பாதி நிலத்தை இழந்தவர், உண்மையில் முழு விவசாயத்தையும் இழந்தவர். பதினைந்து வருடம் வளர்த்த பாக்குத் தோப்பை இழந்தவருக்கு இன்னொரு இடத்தில் நிலம் வாங்கப் பணம் கிடைக்கலாம். பதினைந்து வருடம் எங்கே கிடைக்கும்?

சாலைக்கு இருபுறமும் தடுப்பு. நுழையவும் வெளியேறவும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வழி. அடியில் கடக்கச் சுரங்கப்பாதை எங்கோ ஒன்று இருக்கும். காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் மாலையில் திரும்பி வருபவருக்கு, தூக்குச்சட்டியோடு களைவெட்டப் போகும் பெண்ணுக்கு, அதுவரை நடந்துபோய்த் திரும்பி வருவது என்றால் தினமும் கூடுதலாக எத்தனை கிலோமீட்டர்? ஊர் இந்தப் பக்கம், சுடுகாடு அந்தப் பக்கம். எல்லைச்சாமி இனி எந்த எல்லையில் நிற்பார்? இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவ்வகை விரைவுச் சாலைகளில் இருசக்கர வண்டிக்கும் மாட்டுவண்டிக்கும் இடமில்லை. நிலம் கொடுத்தவரிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல். நம்மிடம் இருப்பது விமான நிலையத்தில் பிடித்த இன்னோவா.

காடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்தக் கோடு காப்புக்காடுகளின் ஊடாகவும் போகிறது. மஞ்சவாடிக் கணவாய், ஜருகுமலை என்று சேலத்துக்காரர்களுக்குப் பழகிய பெயர்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான் அடிவாரத்துக் கிணறுகளுக்கு ஊற்று. காட்டுக்கு ஒரு கோப்பு, கிணற்றுக்கு ஒரு கோப்பு என்று அலுவலகத்தில் பிரித்துவைக்கலாம். நிலத்துக்கு அடியில் அந்தப் பிரிவு இல்லை.

*

இனி சட்டத்துக்கு வருகிறேன். சலிப்பூட்டும் பகுதி என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அநியாயம் குடியிருப்பது இங்கேதான்.

தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்படுகிறது. பிரிவு 3ஏ: இன்னின்ன நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று அரசிதழில் அறிவிப்பு. பிரிவு 3சி: ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் சொல்லலாம். அதைக் கேட்டு முடிவு சொல்பவர் அரசு நியமித்த அதிகாரியே. அவர் சொல்வதே இறுதி என்கிறது சட்டம். பிரிவு 3டி: அரசிதழில் அடுத்த அறிவிப்பு. அது வந்த கணத்திலேயே நிலம் மத்திய அரசுக்கு முழுமையாக, 'வில்லங்கம் ஏதுமின்றி' சொந்தமாகிவிடும். இழப்பீடு எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான் தீர்மானிக்கப்படும். தொகை போதாது என்றால் நடுவரிடம் போகலாம். அந்த நடுவரையும் மத்திய அரசே நியமிக்கும்.

வில்லங்கம் ஏதுமின்றி! பத்திர எழுத்தர்களின் பழைய சொல். அடமானம், பாகப் பிரச்சினை, வழக்கு எதுவும் இல்லை என்று பொருள். அந்த நிலத்தில் உழுதவர், வாரத்துக்கு எடுத்தவர், அதன் வரப்பில் புல் அறுத்து மாடு வளர்த்தவர், அறுவடைக் கூலியை நம்பிப் பிள்ளையைப் படிக்க அனுப்பியவர் எல்லாரும் இந்தச் சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். பட்டா உள்ளவருக்காவது ஒரு காசோலை வரும். குத்தகைதாரரும் கூலியாளும் அந்தக் கணக்கில் இடம்பிடிப்பது பெரும்பாடு. கிராமங்களில் பட்டா இல்லாதவர்கள் யார், எந்தத் தெருவில் இருப்பவர்கள் என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2013இல் நாடாளுமன்றம் ஒரு புதிய நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், கிராமசபையைக் கலந்து பேச வேண்டும், பொது விசாரணை நடத்த வேண்டும், வல்லுநர் குழு அதைப் பரிசீலித்துத் திட்டமே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம் என்றது அந்தச் சட்டம். 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்துக்கு முடிவு வந்துவிட்டது என்று அன்று பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அதே சட்டத்தின் 105ஆம் பிரிவும் நான்காம் அட்டவணையும் 13 சட்டங்களுக்கு விலக்கு அளித்தன. அதில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் ஒன்று. இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வும் மட்டும் பிறகு நீட்டிக்கப்பட்டன. முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்ற பகுதி வரவில்லை. தமிழ்நாடு அரசும் சும்மா இருக்கவில்லை. தன் மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தையும் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தையும் அதே வழியில் விலக்கிக்கொண்டது. உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது 2019இல் புதுச் சட்டம் போட்டு உயிர்ப்பித்தது. நிலத்தை அதிகம் விழுங்குவது சாலையும் தொழிற்பேட்டையும்தான். அவை இரண்டையும் வெளியே விட்டுவிட்டு, கேட்டுத்தான் எடுப்போம் என்று பெருமை பேசுவதற்கு என்ன பெயர்?

இழப்பீட்டிலும் இதே கதை. 1997 முதல் பல ஆண்டுகள், மற்ற நில எடுப்புகளில் கிடைத்த ஆறுதல் தொகையும் வட்டியும் நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவருக்குக் கிடையாது என்று சட்டமே சொல்லிவந்தது. அது சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2019 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்தில் நாம் பாராட்டிய நான்குவழிச் சாலைகள் பல, அந்தக் குறைத்துக் கொடுத்த கணக்கின் மேல்தான் போடப்பட்டன.

எட்டுவழிச் சாலை வழக்கில் இந்த வரிசைதான் கேள்வியானது. நிலம் எடுக்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். எடுப்பு அறிவிப்புக்கு முன் தேவையில்லை, வேலை தொடங்கும் முன் பெற்றால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாக இருக்கலாம். நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் நடைமுறையில் அதன் பொருள் என்ன? முதலில் கோடு போட்டுவிடலாம். கோட்டுக்குள் விழுந்த நிலத்தை விற்க முடியாது, அதன் மேல் கடன் வாங்க முடியாது, புதுக் கிணறு வெட்டவோ மாடி கட்டவோ மனம் வராது, பெண் கொடுக்க வருபவர்கள் 'நிலம் ரோட்டுக்குப் போகுதாமே' என்று கேட்பார்கள். இத்தனையும் ஆனபிறகு, 'இந்தச் சாலையால் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு உண்டா?' என்று ஒரு பொது விசாரணை. சவப்பெட்டியை அளவெடுத்துச் செய்துவிட்டு, ஆளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது போல.

ஒரு விஷயத்தில் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத்தோடு உடன்பட்டது. 3ஏ அறிவிப்பு வந்ததுமே வருவாய்ப் பதிவேடுகளில் நிலத்தின் உடைமைப் பதிவை மாற்றியிருந்தார்கள். நிலம் அரசுக்குச் சொந்தமாவதற்கு முன்பே! அந்தப் பதிவுகளைப் பழையபடி மாற்ற வேண்டும் என்று இரண்டு நீதிமன்றங்களும் சொன்னன. நினைத்துப் பாருங்கள். தாத்தா பெயரிலிருந்து அப்பா பெயருக்குப் பட்டா மாற்ற நாம் எத்தனை விடுப்புகளைத் தாலுகா அலுவலகத்தில் கழித்திருக்கிறோம்! அதே அலுவலகத்துக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது?

*

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

முதலாவது: 'கிராமத்துக்குச் சாலை வேண்டாமா? பிரசவ வலியில் இருப்பவளைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போன காலம் திரும்ப வேண்டுமா?' வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது தன் ஊரிலிருந்து அரசு மருத்துவமனைக்குப் போகும் தார்ச்சாலை. இந்தத் திட்டம் அவள் ஊருக்குப் போடும் சாலை அல்ல. அவள் ஊரைத் தாண்டிப் போகும் சாலை. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதால் ஒன்றின் நியாயத்தை இன்னொன்றுக்குக் கடன் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது: 'போக்குவரத்து நெரிசல்.' சென்னையிலிருந்து சேலத்துக்குக் கிருஷ்ணகிரி வழியாக ஒரு நெடுஞ்சாலை, உளுந்தூர்பேட்டை வழியாக இன்னொன்று ஏற்கெனவே இருக்கின்றன. உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையை நான்குவழி என்று அறிவித்துச் சுங்கமும் வாங்கிக்கொண்டே, ஆத்தூர், வாழப்பாடி போன்ற ஊர்களின் புறவழிகளை இரண்டுவழியாக விட்டுவைத்திருந்தார்கள். நான்குவழி திடீரென்று இரண்டாகச் சுருங்கும் இடங்களில் எத்தனை விபத்துகள் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். கையில் இருக்கும் நான்கை முழுதாக்காதவர்கள் எட்டு கேட்டார்கள். பாரத்மாலா முதல் கட்டப் பட்டியலில் முதலில் இருந்தது சென்னை–மதுரை வழித்தடம் என்பதும், அது பிறகு சென்னை–சேலமாக மாறியது என்பதும் நீதிமன்றத்தில் பேசப்பட்டவை. மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரம் உண்டா என்று ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள்.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராதபோது மக்கள் தாங்களே பதில் தேடிக்கொள்வார்கள். கஞ்சமலையிலும் திருவண்ணாமலைப் பக்கம் கவுத்தி மலை, வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது இருக்கிறது. அந்த மலைகளை வெட்டக்கூடாது என்று முன்பே போராடியவர்கள், தாதுவை ஏற்றிக்கொண்டு போகத்தான் இந்தச் சாலை என்று நம்பினார்கள். அரசு மறுத்தது. அந்தச் சந்தேகத்தை வதந்தி என்று சிரித்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வதந்தி வளர்வது பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில். கோடு வரையும் முன் ஊருக்கு வந்து வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்தால் அந்தச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும், அல்லது அன்றே உறுதியாகியிருக்கும்.

மூன்றாவது நம்மவர்களின் வாதம்: 'வளர்ந்த நாடுகளைப் பார்.' பார்க்கிறேன். நான் வாழும் ஜெர்மனியில் அவுட்டோபான் போட வேண்டும் என்றால் திட்ட வரைபடங்களைப் பாதிக்கப்படும் ஊர்களின் மக்கள் பார்வைக்கு ஒரு மாதம் வைக்க வேண்டும். தன் தோட்டம் போகும் என்பவர் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். சுற்றுச்சூழல் ஆய்வும் அந்த ஆட்சேபங்களும் பரிசீலிக்கப்பட்டபிறகே சாலைக்கு ஒப்புதல், அதற்குப் பிறகே நில எடுப்பு. அந்த ஒப்புதலை எதிர்த்து நிர்வாக நீதிமன்றம் போகலாம். இங்கேயும் எல்லாம் நியாயமாக முடிவதில்லை. 2020இல் ஹெஸன் மாநிலத்தில் ஏ49 சாலைக்காக டானன்ரோடர் காட்டை வெட்டியபோது மரங்களில் குடில் கட்டிக் குடியிருந்தவர்களைப் போலீஸ் இறக்கியது. நீதிமன்றமும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. தோற்றார்கள். ஆனால் கேள்வி கேட்ட பிறகு தோற்றார்கள். நம் ஊரில் கேட்கும் முன்பே தோற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து சாலையின் வழவழப்பை மட்டும் ஊருக்கு எடுத்துப்போகும் நாம், இந்த வரிசையையும் சேர்த்து எடுத்துப்போனால் என்ன?

நான்காவது வாதம் என்னை உண்மையிலேயே குத்துவது: 'கிராமத்தை விட்டு ஓடிவந்த உனக்கு அது பழையபடியே இருக்க வேண்டும் என்று என்ன ஆசை? நீ பார்க்க வரும் காட்சிப்பொருளா அது?' இதில் உண்மை இருக்கிறது. புலம்பெயர்ந்தவனின் கிராமம் அவன் கிளம்பிய வருடத்திலேயே நின்றுவிட்டது. அங்கே சாதி இல்லை, கடன் இல்லை, விவசாயத்தை விட்டால் போதும் என்று துடிக்கும் இளைஞன் இல்லை. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போக விரும்புகிறவர்களும் அந்த ஊர்களில் உண்டு. அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. அதனால்தான் நான் அந்தச் சாலை எப்போதும் வரக்கூடாது என்று எழுதவில்லை. அதை முடிவு செய்யும் தகுதி எனக்கு இல்லை. தில்லியில் கோடு வரைந்தவருக்கும் இல்லை. அந்த ஊர்களுக்கு இருக்கிறது. அவர்களுக்கு இருந்த அந்தத் தகுதியை 21 நாள் ஆட்சேபம் என்ற ஒரு விண்ணப்பத்துக்குள் சுருக்கியதைத்தான் எதிர்க்கிறேன்.

*

இதைப் படிப்பவர்களில் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். 1990இல் வெளியேறி, உயர் பாதுகாப்பு வலயத்தின் வேலிக்கு வெளியே நின்று, கையில் காணி உறுதியை வைத்துக்கொண்டு பல்லாண்டு காத்திருந்தவர்கள். துப்பாக்கியால் பறிப்பதும் அரசிதழால் எடுப்பதும் ஒன்றல்ல. ஒன்று என்று சொன்னால் அது உங்கள் இழப்பைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் பத்திரம் கையிலும் நிலம் வேறொருவர் கையிலும் இருப்பது எப்படிப்பட்ட நிலை என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஆச்சாங்குட்டப்பட்டியின் சொற்களை முதலில் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான். ஆனால் நாம்தான் இன்னோவாவின் பின்னிருக்கையில் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கைதட்டலுக்கு மதிப்பு இருக்கிறது. முதலீட்டாளர் மாநாடு என்றால் நம்மைக் கூப்பிடுகிறார்கள், உலகத் தமிழர் விழா என்றால் மேடையேற்றுகிறார்கள். 'வெளிநாட்டுத் தமிழர்களே பாராட்டும் உள்கட்டமைப்பு' என்று நம் பெயரைச் சொல்லித் திட்டங்களை விற்கிறார்கள். கட்சிகளின் குரல் இருக்கை மாறும்போது மாறும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நம் குரலுக்கு இருக்கை கிடையாது. எனவே மாற வேண்டிய தேவையும் கிடையாது. அந்த மேடைகளில் நாம் கேட்கக் கூடியவை மூன்று.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தை நான்காம் அட்டவணையிலிருந்து எடுங்கள். வீட்டுமனைக்கு நிலம் எடுக்கும்போது தேவைப்படும் சமூகத் தாக்க மதிப்பீடு, ஐந்து மாவட்டங்களைக் கிழித்துப் போகும் சாலைக்கு ஏன் தேவையில்லை என்று சொல்லுங்கள்.

3ஏ அறிவிப்புக்கு முன்பே, மாற்று வழித்தடங்களையும் சேர்த்து, வரைபடத்தைக் கிராமசபையில் விரியுங்கள். எது ஏரியின் வரத்துக் கால்வாய், எது கோடையிலும் வற்றாத கிணறு என்று செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியும்.

இழப்பீட்டைச் சதுர மீட்டரில் கணக்கிடாதீர்கள். கிணறு போனால் அந்தக் கிணறு நனைத்த நிலம் முழுவதும் போனதாகக் கணக்கிடுங்கள். நிலம் இல்லாமல் அந்த நிலத்தில் உழைத்தவர்களின் பெயரையும் அதே பட்டியலில் எழுதுங்கள்.

இவை நடந்தபிறகும் ஒரு சாலை வரலாம். வந்தால் அது சிலருடைய நிலத்தின் மேல்தான் வரும், சிலர் அழத்தான் செய்வார்கள். ஆனால் கல் நடும் முன் யாரோ ஒருவர் அவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டிருப்பார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எத்தனை மணி நேரம் ஆகும் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆறு மணி நேரம் ஆகட்டும். வழியில் நிறுத்தி ஒரு டீ குடித்துக்கொள்ளலாம்.